ஓசியில் விழுந்த பள்ளம்

அன்பு மாப்பிள்ளை முத்துக்கண்ணனுக்கு, கொத்தமங்கலத்திலிருந்து உங்கள் மச்சான் சேவுகப்பெருமாள் எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் அக்கா மீனாள் நலம், ஆடுகள் நலம், என் இடது முட்டி மட்டும் நலமில்லை. அங்கு தங்கச்சியும் பிள்ளைகளும் சுகந்தானே.

புதிதாக வாங்கிய மின்சார ஸ்கூட்டரில் சத்தமில்லாமல், ராஜா மாதிரி, காரைக்குடிக்குப் போய்க்கொண்டிருந்தவன் டீக்கடைக்கு முன்னால் இருக்கிற பள்ளத்தில் வண்டியோடு இறங்கிவிட்டேன். தூக்கிவிட்டார்கள், சோடா கொடுத்தார்கள், எல்லாம் சரி. நான் வேட்டியை உதறிக்கொண்டு “இதெல்லாம் ஒரு ரோடா, கேக்க ஆளில்லையா?” என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், பால்காரக் கருத்தையா குறுக்கே விழுந்தான். “அண்ணே, நீங்க எதுக்கு வையுறீக? நாங்க பெட்ரோல் போடுறப்பல்லாம் ரோட்டுக்கும் சேத்துத்தான் வரி அழுகுறோம். நீங்க வீட்டுல பிளக்கச் சொருகிப்பிட்டு ஓசியில வாரீக. இது எங்க பள்ளம். விழுந்ததுக்கு வேணா வருத்தப்படுறோம், வையுற வேலையெல்லாம் வச்சுக்கிறாதீக!” டீக்கடையே சிரித்தது மாப்பிள்ளை. முட்டியைவிட அதுதான் வலித்தது.

அதோடு விட்டார்களா? இந்த ரோட்டுக்காக வருஷா வருஷம் கலெக்டர் ஆபீஸில் மனுவைத் தூக்கிக்கொண்டு முன்னால் நிற்கிறவன் யார்? நான்! இந்தத் திங்கட்கிழமை, “அண்ணன் பின்னால வரட்டும்” என்று சொல்லிவிட்டார்கள். பின்னால! கருத்தையா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் என்னை அரிக்கிறது. என் டயரும் அதே ரோட்டில்தானே உருளுகிறது? ஆகையால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் இருக்கிற நீங்கள் மேலே எழுதிப்போட்டு, எனக்கும் ஒரு வரி போடச் சொல்லுங்கள். ஆனால் நியாயமாகப் போட வேண்டும், எடைக்கும் ஓடுகிற தூரத்துக்கும் தக்கபடி. போன முகூர்த்தத்துக்கு மெட்ராசிலிருந்து யானைக்குட்டி கணக்காக ஒரு மின்சாரக் கார் வந்தது. அதற்கும் என் நோஞ்சான் வண்டிக்கும் ஒரே வரி என்றால் எனக்கு வயிறெரியும். கொஞ்சமாகப் போட்டாலும் ரசீது பெரிய எழுத்தில் இருக்கட்டும். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாய் நிறைய வைவேன்.

கருப்பர் புண்ணியத்தில் உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருக்கவும், சிவகங்கை ரோட்டில் நீங்கள் விழாமல் வந்து போகவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சேவுகப்பெருமாள்

பின்குறிப்பு: தபாலில் போடப்போன கடிதத்தை உங்கள் அக்கா பிடுங்கிப் படித்துவிட்டாள். “வண்டி யாரு பேருல இருக்கு? என் பேருல. வரி வந்தா ரசீதும் என் பேருலதான் வரும். அப்ப மனுவோட முன்னால நிக்கப்போறதும் நாந்தான். நீங்க பின்னால வாங்க” என்கிறாள். அதற்குக் கட்டிக்கொண்டு போகச் சேலைகூட எடுத்து வைத்துவிட்டாள். ஆகவே மாப்பிள்ளை, வரிக்கு இப்போது ஒன்றும் அவசரமில்லை.