உங்கள் கட்டத்தைக் கறுப்பாக்குவது குறித்து

பெருமதிப்பிற்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கைப்பிடித்த நாளிலிருந்து வாயைத் திறக்காமல் காலம் தள்ளிவரும் நான் பணிவுடன் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம், உங்கள் மருமகளைத் தவிர. மூன்று நாளாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள். அதற்குக் காரணம் நீங்கள். கோபப்படாமல் மேலே படிக்கவும்.

விஷயம் இதுதான், மச்சான். பள்ளியில் உயிரியல் டீச்சர் மரபியல் பாடம் எடுக்கிறார். புதன்கிழமை புள்ளிப் படங்கள் உள்ள ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே ஓர் எண் ஒளிந்திருக்குமாம். வகுப்பே "எழுபத்து மூணு" என்று கத்த, நம் பெண் மட்டும் "எண் எங்க மிஸ்?" என்று கேட்டிருக்கிறாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டீச்சர் நல்லவர். சிரித்தவர்களை அடக்கிவிட்டு, "இது நோய் இல்லம்மா, சிவப்பையும் பச்சையையும் பிரிச்சுப் பார்க்கிறதுல ஒரு சின்னக் குறை, பரம்பரையா வர்றது" என்று சொல்லி, குடும்பப் படம் ஒன்று வரைந்துவரச் சொல்லியிருக்கிறார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், குறை உள்ளவர்களைக் கறுப்பால் நிரப்ப வேண்டும், திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். இவள் தன் வட்டத்தை மட்டும் நிரப்பிவிட்டுப் பேனாவை வீசிவிட்டாள். "இவ்ளோ பெரிய குடும்பத்துல எனக்கு மட்டும் ஏம்ப்பா? நான் இனிமே ஸ்கூலுக்குப் போகமாட்டேன்" என்றாள். கதவு சாத்தப்பட்டது.

அப்பன் மனசு கேட்குமா? அவள் பாடப்புத்தகத்தைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், பெயிண்ட் டின்களுக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். அருமையான பாடம். நெட்டைப் பட்டாணிச் செடியையும் குட்டைப் பட்டாணிச் செடியையும் சேர்த்தால் பிள்ளைகள் எல்லாமே நெட்டையாம். குட்டை எங்கும் தொலைந்துபோகவில்லை, உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டு அடுத்த தலைமுறையில் நாலில் ஒன்றாகத் தலைகாட்டுமாம். முன்னே நிற்பது ஓங்கு பண்பு, ஒளிந்திருப்பது ஒடுங்கு பண்பு. எங்கள் வீட்டில் எது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை, அடுக்களையிலிருந்து சத்தம் இப்போதே கேட்கிறது.

பிறகு குரோமோசோம் சங்கதி. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும். நிறக்குருட்டு மரபணு எக்ஸில் உட்கார்ந்து வருகிறது. படத்தில் ஓர் அம்மா, ஓர் அப்பா, ஒரு பையன். அப்பா பையனுக்குக் கொடுப்பது வெறும் ஒய். ஆகவே குறை அம்மா வழியில்தான் வரும், அப்பாவுக்குச் சம்பந்தமே கிடையாது! அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டேன். அடுத்த பக்கத்தைத் திருப்புவதற்குள் வாடிக்கையாளர் வந்துவிட்டார். திருப்பத் தேவையும் இல்லை, வேண்டியது கிடைத்துவிட்டது.

உடனே உங்கள் தந்தைக்குப் போன் போட்டேன். "உங்களுக்கு இப்பதான் தெரியுமா மாப்பிள்ளை? சிவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுதான். டிரைவர் வேலைக்குப் போனப்பவே கண் டாக்டர் சொல்லிட்டாரு" என்றார், ஏதோ பட்டம் வாங்கியவர் மாதிரி. ஓடிப்போய்க் கதவுக்கு வெளியே நின்று, "தாத்தாவுக்கும் இருக்காம்மா" என்றேன். "அவருக்கு எழுபத்தெட்டு வயசு, அவருக்கு எல்லாம்தான் இருக்கு" என்றாள் உள்ளேயிருந்து.

ஆகவே நீங்கள்தான் கதி. அப்பாவுக்கு இருப்பது மகனுக்கு இல்லாமலா போகும்? சாட்சியும் இருக்கிறது. நீங்கள் தக்காளி வாங்கி வந்தால் பாதி பழம், பாதி காய். அக்கா கேட்டால் "ரெண்டும் தக்காளிதானே" என்பீர்கள். அண்ணன் சிக்னலில் நிறத்தைப் பார்க்க மாட்டார், மேல் விளக்கா கீழ் விளக்கா என்றுதான் பார்ப்பார் என்று உங்கள் தங்கை சொல்கிறாள். இதில் என்ன தப்பு என்று எனக்கு விளங்கவில்லை, நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன், இல்லாவிட்டால் விளக்கை எதற்கு மேலும் கீழுமாக வைத்திருக்கிறார்கள்? இருந்தாலும் சாட்சி சாட்சிதான்.

எங்கள் பக்கம் சுத்தம், மச்சான். பத்தொன்பது வருடமாகப் பெயிண்ட் கடை நடத்துகிறவன் நான். நிறத்தைப் பார்த்துக் கலக்குவது அரைகுறைகள் வேலை, நான் டின்னில் உள்ள எண்ணைப் பார்த்துத்தான் கலக்குவேன். கலவை இயந்திரத்தில் வேலை பார்க்கும் அம்மா மட்டும் ஒவ்வொரு டின்னையும் திறந்து, "ஒரு தடவை நானும் பாத்துக்கிறேன் சார்" என்பார். சந்தேகப் பிராணி. அவர் லீவில் இருந்த ஒருநாள், சீட்டு கிழிந்துபோன டின்னைக் கண்ணால் பார்த்தே எடுத்து, பல் டாக்டர் கிளினிக்குக்கு இளம்பச்சை அனுப்பினேன். "பேஷண்ட்டெல்லாம் சுவத்தைப் பாத்துட்டு வாசல்லயே திரும்பிப் போறாங்கய்யா" என்று சண்டைக்கு வந்துவிட்டார். டாக்டர்களுக்கு ரசனை கிடையாது.

கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து, படத்தில் உங்கள் கட்டத்தை உங்கள் கையாலேயே கறுப்பாக்கிவிட்டுப் போங்கள். "மாமாவுக்கும் இருக்கு" என்று தெரிந்தால் குழந்தை கதவைத் திறப்பாள். எனக்கு அது போதும். பழி உங்கள் பக்கம் விழுவது உபரி சந்தோஷம்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் பிள்ளைகள் உங்கள் பிடிவாதம் நீங்கலாக மற்ற எல்லாச் செல்வமும் பெற்று நீடூழி வாழ என் ஆசிகள். கடை வேன் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், பதிலை அவரிடமே தரவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் குறையொன்றுமில்லாத கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில், தண்ணீர் குடிக்க வெளியே வந்த உங்கள் மருமகள் இதைப் படித்துவிட்டாள். "அப்பா, அடுத்த பக்கம் படிக்கலையா?" என்று கேட்டுத் திருப்பினாள். புத்தகத்தை நான் தூக்கிப் போய்விட்டதால் அவளும் அதுவரை படிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் பையன் இல்லை, பெண். பெண்ணுக்கு ஓர் எக்ஸ் அம்மா தருவது, இன்னோர் எக்ஸ் அப்பா தருவது. ஒன்று நன்றாக இருந்தாலே குறை ஒளிந்துகொள்ளும், உங்கள் தங்கையிடம் ஒளிந்திருப்பதுபோல. இரண்டிலும் இருந்தால்தான் வெளியே தெரியும். அப்பாவிடம் இருப்பதோ ஒரே ஒரு எக்ஸ். அதில் இருந்தால் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. செல்போனில் அந்தப் புள்ளிப் படத்தைக் காட்டினாள். "இதுல எண் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

உங்கள் அப்பா உங்களுக்குக் கொடுத்தது வெறும் ஒய் என்பதால் அவரிடமிருந்து உங்களுக்கு இது வந்திருக்கவே முடியாதாம். தக்காளி விவகாரம் வெறும் சோம்பேறித்தனமாம். மேலே எழுதியதற்கெல்லாம் மன்னிக்கவும். என் கட்டத்தை அவளே நிரப்பினாள், திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிறாளாம். பதினைந்து வருடமாக, மூக்கு அம்மா சாடை, நடை மாமா சாடை என்றுதான் கேட்டிருக்கிறேன். இன்றைக்குத்தான் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நான் உங்களை மாதிரி" என்றாள். நான் அழுதுவிட்டேன், மச்சான்.