மதகு வேலையும் மலாயா மாப்பிள்ளையும்

பொறாமைக்காரன் கையில் ஊர்ப் போக்குவரத்தை ஒப்படைக்கக் கூடாது. முப்பதுகளில் கோப்பாய்ப் பக்கம் பெரிய மதகு ஒன்றை இடித்துக் கட்டியபோது அப்படியொருவனிடம்தான் ஒப்படைத்தார்கள். அவன் நான். புதிதாக, ரோட்டு வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் வேலை கிடைத்து, தலையில் தொப்பியும் அதைவிடப் பெரிய தலைக்கனமுமாகத் திரிந்த காலம்.

மதகு முடியும்வரை பஸ்களும் வண்டில்களும் சுற்றிப் போக ஒரு வழி சொல்லும்படி எஞ்சினியர் துரை கேட்டார். தோட்டவெளியால் அகலமான பாதை இருந்தது. நான் அதைச் சொல்லாமல் என் தாய்மாமன், அம்மான் வீட்டு ஒழுங்கையைச் சொன்னேன். ஒரு வண்டில் போனாலே இரண்டு பக்க வேலியிலும் உரசும். (துரை வரைபடத்தில்தான் பார்த்தார். வரைபடத்தில் வேலி உரசாதே!)

காரணம் புஷ்பம். அம்மானின் மகள், எனக்கு உரிமையுள்ள மச்சாள். எனக்குத்தான் அவள் என்று ஊரே நினைத்திருந்தபோது, மலாயாவில் கிளாக்கர் வேலை பார்க்கும் ஒருவன் லீவில் வந்திறங்கினான். வெள்ளைக் கோட்டு, மணிக்கூட்டுச் சங்கிலி, வாடகைக் கார். அம்மான் வாயைத் திறந்தால் மலாயாதான். எனக்கு வயிறு பற்றியெரிந்தது. ஊரே என் கையசைவுக்கு நின்று போவதைத் தன் வாசல் படலையில் நின்று பார்த்தால் அம்மான் மனம் மாறுவார் என்று கணக்குப் போட்டேன்.

ஒழுங்கை அம்மான் வீட்டுப் படலையடியில் வளையும். ஒரு முனையில் நிற்பவனுக்கு மறு முனை தெரியாது. ஆகவே நான் வளைவில் நின்று, ஒரு கையில் சிவப்புக் கொடியும் மறு கையில் பச்சைக் கொடியுமாக, இரு பக்கத்தையும் முறைவைத்து விட்டேன். காலையில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அம்மான்கூட ஒருமுறை எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

பிறகு அந்தக் கார் வந்தது. தாயும் மகனுமாகப் பெண் பார்க்க வருகிறார்கள். வேலிக்கு மேலால் புஷ்பத்தின் முகம் தெரிந்தது. அவள் காரையே பார்த்தாள். "நிப்பாட்டு!" என்று ஆவேசத்தில் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன்.

பச்சைக் கொடியும் சேர்ந்தே உயர்ந்தது. மறு முனையில் காத்திருந்த புகையிலை வண்டில்கள் அதைக் கண்டு கடகடவென்று உள்ளே வந்தன. காருக்குப் பின்னால் ஒரு பஸ் வேறு. நெரிசலில் அம்மானின் புது வேலி ஓலைக் கிடுகோடு சரிந்தது.

"வண்டிலைப் பின்னுக்கு எடுங்கோ!" என்று கத்தினேன்.

"மாடென்ன மோட்டாரே, பின்னுக்குப் போக?" என்றான் முன் வண்டில்காரன்.

மலாயாக்காரன் காரிலிருந்து இறங்கினான். "இஞ்சை ஆர் ஓவசியர்?"

வண்டில்காரன் மாடு ஓட்டும் துவரந்தடியால் என்னைக் காட்டினான். (தொப்பியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துப் பார்த்தேன். பலிக்கவில்லை.)

அவன் கோட்டைக் கழற்றினான். மாடுகளை அவிழ்க்கச் சொல்லி, ஆட்களைச் சேர்த்து வண்டில்களைக் கையால் தள்ளிப் பின்னுக்கெடுத்தான். வழி திறக்க மத்தியானம் ஆகிவிட்டது. அம்மான் பூரித்துப் போய்ப் படலையைத் திறந்தார்.

"உள்ளுக்கு வாருங்கோ தம்பி. சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்."

"ஓம் அம்மான், வாறன்," என்றேன் நான்.

"உன்னைச் சொல்லேல்லை. நீ வேலியைக் கட்டு."

கட்டினேன். நான் கிடுகு வரிந்துகொண்டிருக்க, உள்ளே கலியாணம் பேசி முற்றாகியது.

மச்சாளைக் கட்டியவன் நமக்குச் சகோதர முறை. அவர் வயதிலும் மூத்தவர். இன்றும் எங்கள் வீட்டுப் பந்திகளில் நான் சோற்றுச் சட்டியோடு வந்தால், "தம்பி, எந்தப் பக்கத்தாலை வாறாய்? கையை மட்டும் தூக்கிப் போடாதை!" என்பார். பந்தியே சிரிக்கும். என் மனைவியும் சிரிப்பாள். எனக்கு உள்ளே எரியும். ஆனாலும் முறை முறைதானே.

"ஓம் அண்ணை," என்பேன்.