ஆடிட்டர் வந்தால் தீவைச் சுற்றும் லாரி

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து வரிக்கு வரி சாய்ந்துகொண்டே போகும், சரியாகக் கட்டாத சரக்கு மாதிரி. ல, ள, ழ மூன்றையும் ஒரே குடும்பமாகத்தான் நடத்துவேன். யாருக்கும் தனி மரியாதை கிடையாது. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு அதிகம் எழுதியது என் பெயரைத்தான், அதுவும் சரக்கு இறக்கிய சீட்டில். எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம். அதை நானே திருத்தப் பார்த்தேன், முடியவில்லை.

நான் கூச்சம் பிடித்த ஆள். கடையில் தேத்தண்ணி கலக்குகிறவர் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டாலும் குடித்துவிட்டு, காசைக் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டு வருவேன். ஐம்பத்திரண்டு வயது வரை மைக்கைத் தொட்டதில்லை. தொட்டது ஒரே ஒரு நாள்.

எங்கள் தீவில், பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் ஸ்டோரில் நான் லாரி ஓட்டுகிறேன். அங்கே ஒரு நாள் அறிவிப்பு வந்தது. பிரிவுக்கு ஒருவர் 'ரிஸ்க் மேனேஜ்மென்ட்' பயிற்சிக்குப் போகவேண்டும். கம்பெனிக்கு என்னென்ன கெடுதல் வரலாம் என்று முன்கூட்டியே யோசித்துத் தடுக்கச் சொல்லித்தரும் வகுப்பு. ஜார்ஜ்டவுனில் கடலோர ஹோட்டல், இரண்டு நாள், சாப்பாடு இலவசம். எங்கள் பிரிவில் போகவேண்டியவன் சூப்பர்வைசர் குணா. அவனுக்கு அந்த வாரம் பார்த்து மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. (அந்த அம்மா அதே வாரம் காய்கறிப் பாசாரில் என் எதிரே பலாப்பழம் தூக்கிக்கொண்டு வந்தார்.)

"எனக்கு இங்கிலீஷ் வராதே, குணா" என்றேன்.

"வரவேணாம்லா. கேள்வி கேட்டா சிரிங்க. சோறு போட்டா சாப்பிடுங்க. அவ்வளவுதாண்ணே!" என்றான்.

முதல் நாள் அப்படியே செய்தேன். தாடை வலிக்கும் அளவுக்குச் சிரித்தேன்.

இரண்டாம் நாள் காலை, பயிற்சி நடத்திய நசீமா மேடம் சுவரில் ஒரு பெரிய கட்டத்தை ஒட்டினார். ஒரு கெடுதல் நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு சேதம் என்று பார்த்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று இடம் கொடுக்கவேண்டுமாம். பிறகு ஒவ்வொருவரும் எழுந்து, தங்கள் பிரிவில் நன்றாக நடக்கும் ஒரு தடுப்பு வேலையைச் சொல்லவேண்டும் என்றார். மைக் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. நான் சிரித்தேன். அந்த மேடம் நகரவில்லை.

"அண்ணே, தமிழ்லயே சொல்லுங்க. நான் எல்லாருக்கும் இங்கிலீஷ்ல சொல்றேன்" என்றார். அவரும் தமிழர்தான், ஜார்ஜ்டவுன் முஸ்லிம். அந்த ஒரு 'அண்ணே'யில் என் கூச்சம் கரைந்து போனது. அதுவரை அது கரைந்ததே இல்லை. கரைவதற்கு வேறு நாள் கிடைக்கவில்லை.

என் பிரிவில் தவறாமல் நடக்கும் வேலை எது என்று யோசித்தேன். ஒன்றுதான் ஞாபகத்துக்கு வந்தது. நிமிர்ந்து நின்று ஆரம்பித்தேன்.

"எங்க ஸ்டோர்ல பழைய பெட்டி, உடைஞ்ச மரப் பேலட் நிறைய கிடக்கும், மேடம். வைக்க இடமில்ல. பேக்கிங் ரூமோட அவசரக் கதவு எங்க பக்கம்தான் திறக்கும். அது முன்னாடிதான் அடுக்கி வச்சிருப்போம்."

மேடம் அதை ஆங்கிலத்தில் சொன்னார். நாற்பது பேர் தலையாட்டினார்கள்.

"பாதுகாப்பு சரியா இருக்கான்னு பாக்க ஆடிட்டர் வர்ற நாளு, தீப்பயிற்சி நாளு, ரெண்டும் எங்களுக்கு முன்னாடியே தெரியும். காலையிலயே எல்லாத்தையும் என் லாரியில ஏத்திடுவோம். மேலே கித்தான் கட்டிருவேன்."

இதைச் சொல்லும்போது மேடத்தின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அப்புறம் நான் லாரிய எடுத்துக்கிட்டு தெலுக் கும்பார், பாலிக் பூலாவ்னு தீவ சுத்துவேன். பாலிக் பூலாவ்ல லக்சா சாப்பிடுவேன். ஆடிட்டர் போனதும் போன் வரும். திரும்பி வந்து எல்லாத்தையும் பழைய இடத்துலயே இறக்கிடுவோம். ஏழு வருஷமா ஒரு தடவகூட மாட்டினதில்ல."

மேடம் இரண்டடி கிட்டே வந்தார். என் பக்கம் குனிந்து, "அண்ணே, இதையும் சொல்லவா?" என்றார்.

"சொல்லுங்க மேடம். எல்லாரும் கத்துக்கட்டும்" என்றேன். (கடவுளே.)

சொன்னார். இந்த முறை ஒரு தலையும் ஆடவில்லை. முதல் வரிசையில் எங்கள் மேனேஜர் மிஸ்டர் லிம் இருந்தார். அவர் கழுத்து பின்பக்கத்திலிருந்து சிவக்க ஆரம்பித்தது. ஒரு மனிதருக்குக் கழுத்து அப்படிச் சிவக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அது கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். நம்மைப் பாராட்டினால் நாமும் அப்படித்தானே?

மேடம் கோபப்படவில்லை. என் கையில் ஒரு வட்ட ஸ்டிக்கரைக் கொடுத்து, அந்தக் கதவு கட்டத்தில் எங்கே வரும், ஒட்டுங்கள் என்றார். நேராகப் போய்ப் பச்சையில் ஒட்டினேன். ஏழு வருஷம் மாட்டாதது பச்சைதானே?

"லாரி சுத்தாத நாள்ல தீ பிடிச்சா?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன்.

"அந்தக் கதவுக்கு உள்பக்கம் யாரு வேலை செய்றாங்க, அண்ணே?"

"பொம்பளைங்க. பதினாலு பேரு."

"யாரு யாரு?"

வரிசையாகப் பெயர் சொல்ல நினைத்தேன். கதவுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். "தேவகி" என்றேன். "கதவுக்குப் பக்கத்து மேசை. என் சம்சாரம்."

அதை மேடம் மொழிபெயர்க்கவில்லை.

ஏழு வருஷமாக அந்தப் பெட்டிகளை அடுக்கியவன் நான். கதவின் அந்தப் பக்கம் வெளியேறும் வழி காட்டும் பச்சை விளக்கு எரிவதும் தெரியும், அதற்குக் கீழே அவள் உட்கார்ந்திருப்பதும் தெரியும். இரண்டும் எனக்குத் தனித்தனியாகத் தெரிந்திருந்தன. ஸ்டோர் விஷயம் ஸ்டோரில், வீட்டு விஷயம் வீட்டில். ஸ்டிக்கரைப் பிய்த்துச் சிவப்பில் ஒட்டப் போனேன். அது விரலில் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, விரலை உதறிக்கொண்டு நின்றேன். கடைசியில் மேடம்தான் உரித்து ஒட்டினார்.

இடைவேளையில் என் மேசைக்கு யாரும் வரவில்லை. ஒரு தட்டுக் கறிப்பாப் பலகாரம் முழுவதும் எனக்கே. அதற்குள் யாரோ சொல்லி, குணாவின் போன் மட்டும் வந்தது.

"அண்ணே! சிரிக்கத்தானே சொன்னேன்! யாரு உங்கள பேசச் சொன்னா?"

"மேடம் 'அண்ணே'ன்னு கூப்பிட்டாங்க, குணா."

"நானுந்தான் தினமும் கூப்பிடறேன்! என்னைக்காவது பேசியிருக்கீங்களா?"

போகும்போது மிஸ்டர் லிம், நாளைக் காலை எட்டு மணிக்குத் தன் அறைக்கு வரும்படி மலாயில் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலை போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டேன். என் மகள் அப்போது கெப்பாலா பத்தாசில் கல்லூரியில் முதல் வருஷம்.

சாயங்காலம் தேவகியிடம் சொன்னேன். வேலை போவதைப் பற்றித்தான் முதலில் சொன்னேன். அவள் கேட்டது வேறு.

"அந்தக் கதவு திறக்காதா?"

"ஆடிட்டர் வந்தா திறக்கும்."

"மத்த நாள்ல?"

விரலில் இன்னும் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பசையைச் சுரண்டினேன்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து போய்த் துணி மடித்தாள். மடித்ததையே மறுபடியும் மடித்தாள்.

மறுநாள் எட்டு மணிக்கு மிஸ்டர் லிம் ஒரே கேள்வி கேட்டார். லாரியில் ஏற்றச் சொன்னது யார்? சொன்னது குணா. அவன் பெயரைச் சொன்னால் நான் தப்பலாம். ஆனால் அவனுக்கு மூன்று பிள்ளைகள்.

"அடுக்கினது நான்தான், பாஸ்" என்றேன். பிறகு என் வாய் நேற்றுப் பழகிய பழக்கத்தில் தானாகவே, "போன வருஷம் நான் கிளம்பும்போது நீங்ககூட ஜன்னல்லேர்ந்து கை காட்டினீங்க" என்றது.

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"இன்றைக்கே காலி செய்" என்றார். "லாரி தீவைச் சுற்றாமல் குப்பைக் கிடங்குக்குப் போகட்டும்."

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சூப்பர்வைசர் என்பதால் குணாவுக்கும் வந்தது. ஒரு மாதம் அவன் என்னிடம் பேசவில்லை. அதோடு ரிஸ்க் பட்டியல் என்று ஒரு தாள் சுவரில் ஏறியது. அதில் அந்தக் கதவுக்கு நேரே பொறுப்பாளர் என்று என் பெயர். தினமும் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்து பார்த்து நான் கையெழுத்துப் போடவேண்டும்.

தேவகி பேச ஆரம்பிக்க ஒன்பது நாள் ஆனது. ஒன்பதாம் நாள் காலை கதவைத் தள்ளினேன். அந்தப் பக்கம் மேசையில் அவள் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"என்ன, ஆடிட்டர் வந்துட்டாரா?"

பதினாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த முறை தாடை வலிக்கவில்லை.

மூன்று வருஷம் ஆகிவிட்டது. இன்னமும் ஒரு நாள்கூட விடாமல் கேட்கிறாள். வீட்டில் நான் குளியலறைக் கதவைத் திறந்தாலும் மகள் அதையே கேட்கிறாள். போன மாதம் தீபாவளிக்கு வந்த குணாகூடக் கேட்டான், அதுவும் என் வீட்டு முறுக்கைத் தின்றுகொண்டே.

நான் யாருக்கும் பதில் சொல்வதில்லை. கதவு முழுசாகத் திறக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் 9, 2025.