அஞ்சாறு டீச்சருக்குச் சாமி வரவில்லை

ஒன்றிலிருந்து எண்ணத் தெரியாத டீச்சர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். புதுப்பட்டினத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார். கேஸ் சிலிண்டரை நகர்த்துவதானாலும் சரி, பஸ்ஸில் ஏறுவதானாலும் சரி, "அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு" என்று சொல்லிவிட்டுத்தான் செய்வார். அதனால் ஊருக்கே அவர் அஞ்சாறு டீச்சர்.

பம்பாயில் ஜாஸ் நடனம் கற்றவர். கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைக்க, தொண்ணூறுகளில் இங்கே வந்து மொட்டைமாடியில் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆட்டம் தொடங்குமுன் தாளத்துக்கு அப்படி எண்ணித்தான் காலை எடுக்கச் சொல்வார். டேப்பில் சாக்ஸஃபோன், சளி பிடித்த நாகஸ்வரம் மாதிரி அழும். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் ஏறி வந்து, "இன்னாம்மா, மேல அம்மி உருட்டிகினு கீறீங்களா?" என்றார். "நீங்களும் ஆடுங்க சார், இடுப்புவலி போயிடும்" என்றார் டீச்சர். மனுஷன் அப்புறம் மாடிப்பக்கமே வரவில்லை.

டீச்சருக்கு ஒரே ஓர் ஆசை. எங்கள் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்தில் பாஞ்சாலி வேஷம் ஆண்தான் கட்டுவார். "சபையில முடிய அவுத்துட்டு நின்னவ பொம்பள. அத ஒரு பொம்பள ஆடக் கூடாதா?" என்று தர்மகர்த்தாவை நச்சரித்து, கூத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் வாங்கிவிட்டார்.

திருவிழா ராத்திரி. கறுப்பு பேண்ட், வெறுங்கால், அவிழ்த்த முடி. முதலில் விசில் பறந்தது. அப்புறம் கூட்டம் கப்சிப். அவர் சுழன்று விழுந்து எழுந்தபோது எனக்கே புல்லரித்தது. அந்த நேரம் பார்த்து முன்னால் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா, "ஆத்தா வந்துட்டாடீ!" என்று அலறினாள். அவ்வளவுதான், கற்பூரமும் வேப்பிலையும் மேடையேறிவிட்டன. ஒருத்தி டீச்சர் வாயில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தாள். தர்மகர்த்தா நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "தாயே, இன்னா கொற வெச்சோம்? சொல்லு!" என்றார்.

டீச்சர் பழத்தைத் துப்பிவிட்டு, "சார், இன்னும் ஆட்டம் முடியல" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

மறுவருஷம் மேடை கேட்டுப் போனபோது நானும் கூடப் போனேன்.

"ஆத்தா வந்துச்சுன்னு ஊரே சொல்லிகினு கீது. ஆமான்னு நீயும் ஒரு வார்த்த சொல்லும்மா. வருஷா வருஷம் மேடை ஒனுக்குத்தான்" என்றார் தர்மகர்த்தா.

"சொல்லலைன்னா?"

"சும்மா ஆடற பொம்பளைய அம்மன் மேடையில எப்டிம்மா ஏத்தறது?"

சொல்லித் தொலையுங்களேன் என்று டீச்சர் கையைக் கிள்ளினேன். டீச்சர் அசையவில்லை. "சாமி வரலைங்க. நான்தான் ஆடினேன்."

அத்தோடு மேடை போயிற்று. வீட்டுக்கு வந்ததும் பொலபொலவென்று அழுதார். "நல்லா ஆடினேன்னு ஒருத்தர் சொல்லலியே!"

"நான் சொன்னேனே டீச்சர்?"

"நீ பக்கத்து வீடு. சொல்லித்தானே ஆகணும்."

சில வருஷங்களில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. கூடத்தில் கிடத்தியிருந்தபோது யாரோ, "ஆத்தா ஏறின ஒடம்பு" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எனக்கு முன்னால் மீன்காரம்மா முந்திக்கொண்டாள்.

"சும்மா இருங்கடீ. அன்னிக்குக் கத்துனதே நான்தான். ஒரு பொம்பள அப்டி ஆடி நான் பாத்ததே இல்ல. அத வேற இன்னான்னு சொல்றதுன்னு தெரியல எனுக்கு."

கேட்க வேண்டியவர் கண்மூடிக் கிடந்தார். நான் வாய்விட்டு அழுதேன்.

பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்றார்கள். பாடையைத் தூக்க நான்கு பேர் குனிந்தார்கள். நான் மெதுவாக, "அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு" என்றேன்.