அம்மன் திரையும் ஐந்து முழமும்

எனக்கு வீம்பு அதிகம். ஒத்துக்கொள்கிறேன். குறைத்துக்கொள்ளும் உத்தேசம் மட்டும் இல்லை.

குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போன இரண்டாம் வருஷம். பூனாகலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் புதுத் திரை வாங்கப்போவதாக அண்ணன் போனில் சொன்னார். அலங்காரம் நடக்கும்போது அம்மனை மறைத்துத் தொங்குமே, அந்தத் திரை.

"பண்டாரவளைக் கடையில எதுக்குண்ணே வாங்குறீங்க? நானே பூவேலை செஞ்சு கொண்டாறேன்" என்று வாயை விட்டேன்.

பக்கத்திலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. "பொத்தான் தைக்கத் தெரியாதவ சாமிக்குத் திரை தைக்கப் போறாளாம்."

அவ்வளவுதான். இனி என்ன ஆனாலும் அந்தக் கோயிலில் என் திரைதான் தொங்க வேண்டும்.

அளவு கேட்டேன். "உசரம் அஞ்சு முழம்" என்றார் அண்ணன். நானும் கையை நீட்டி, சிவப்புத் துணியில் ஐந்து முழம் அளந்து வெட்டினேன். (அளவு நாடா மேசை மேலேயே கிடந்தது. அதைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.)

மேடம் மத்தியானம் தூங்கும் ஒன்றரை மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கும். துணி தேய்க்கும் அறையில் உட்கார்ந்து, யூடியூபைப் பார்த்துப் பார்த்து, ஏழு மாசம் தைத்தேன். ஊசி குத்தாத விரல் இல்லை. நடுவில் அம்மனின் சிங்கம். ஒருநாள் எட்டிப் பார்த்த மேடம், பூனை ரொம்ப அழகாக இருப்பதாகப் பாராட்டினார். சிங்கம் என்று திருத்தினேன். சம்பளம் தருகிறார் என்பதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்ட முடியுமா?

லீவில் வந்தேன். திருவிழா அன்று விடிகாலையில் தோட்டமே கோயிலில் கூடியிருந்தது. பூசாரி உள்ளே போய்த் திரையை இழுத்தார். திரை தரைக்கு ஒரு அடிக்கும் மேலேயே நின்றுவிட்டது. அண்ணன் ஆறடி உயரம். நான் அவர் தோளுக்குக்கூட வரமாட்டேன். அவர் முழம் வேறு, என் முழம் வேறு என்பது அப்போதுதான் உறைத்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அபிஷேகத் தண்ணீர் ஊறிய சிமெந்துத் தரை அந்தக் குளிரில் ஐஸ்கட்டியாக இருந்திருக்கும். திரைக்கடியில் தெரிந்த பூசாரியின் ஒரு கால் மேலே போனது. கீழே வந்தபோது அதில் பச்சைக் கோடு போட்ட கம்பளி மேஸ் (சப்பாத்துக்குள்ளே போடுவோமே, அந்தக் காலுறை). பிறகு மற்றக் காலுக்காக நொண்டியடித்தார். பழைய திரைக்குப் பின்னால் எத்தனை வருஷமாக இது நடந்ததோ, தெரியாது. கூட்டம் சிரித்த சிரிப்பில் மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

பூசாரி சிவந்த முகத்தோடு வெளியே வந்தார். "இதக் கழட்டுங்க. பழசையே போடுங்க."

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் அண்ணி.

எனக்கு அழுகை வந்தது. கோபம் அதைவிட வேகமாக வந்தது.

"பழசப் போடக் கூடாதுங்க சாமி. ஏழு மாசம் தச்சிருக்கேன். பத்து நிமிசம் பொறுங்க. ஒங்களுக்குக் குளிருது, மேஸ் போட்டீங்க. இதுல சிரிக்க என்ன இருக்கு?"

கடைசிக் கேள்வி கூட்டத்துக்கு. சிரிப்பு அடங்கியது. தோளில் கிடந்த கருநீலக் கம்பளிச் சால்வையை உருவினேன். கைப்பையிலிருந்த ஊசி நூலை எடுத்தேன். திரையை இறக்கி வாங்கி, கோயில் படியிலேயே உட்கார்ந்து, அத்தனை பேரும் பார்க்க, சால்வையைத் திரையின் அடியில் வைத்துத் தைத்தேன். இந்தத் தடவை அளக்கவே இல்லை. அதனால் மறுபடி மாட்டியபோது தரையில் ஒரு சாண் புரண்டது.

அடுத்த வருஷம் கோயில் கமிட்டி புதுத் திரை வாங்கலாம் என்று பேசியிருக்கிறது. பூசாரிதான் விடவில்லையாம். "அது கெடக்கட்டும். இப்பத்தான் கால்ல காத்து அடிக்கல" என்றாராம். மூன்றாவது வருஷமாக அதுதான் தொங்குகிறது, சிங்கமும் சால்வையுமாக.

எங்கள் வீட்டில் இப்போது பூ வாங்கினாலும் கயிறு வாங்கினாலும், "யாரு முழம்?" என்று கேட்காமல் விடுவதில்லை. கேட்கட்டும். போன வாரம் அண்ணியே குவைத்துக்குப் போன் போட்டார். ஜன்னலுக்குப் பூவேலை செய்த திரை ஒன்று வேண்டுமாம்.

"அளவு என்னங்க அண்ணி?"

"ஒங்க அண்ணன் கையால மூணு முழம்."

"அப்ப அந்தக் கையையும் சேத்து அனுப்பி வைங்க" என்றேன்.