அன்று வெட்டியது என் பிறந்தநாள் கேக்

அரிமளம்,
வியாழக்கிழமை.

பாசமுள்ள அக்கா சொர்ணவல்லிக்கு, தம்பி எழிலரசன் பாதி வணக்கத்தோடும் பாதிக் கோபத்தோடும் எழுதுவது. இங்கே நான், பிரகதீஸ்வரி, மகள் சத்யா, நம் ஆத்தா எல்லோரும் சுகம். திருப்பூரில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் அவ்வாறே சுகமாயிருக்கக் குலசாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போனில் பேச வேண்டியதைத் தபாலில் எழுதுகிறானே என்று அத்தான் நினைக்கலாம். நீ குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டாய், என் நம்பரையும் பிளாக் பண்ணிவிட்டாய். தபால்காரரைப் பிளாக் பண்ண முடியாது என்பதால் இந்தக் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச வேண்டும். முதல் பால் கூடப்பிறந்தவள் கையால் பொங்கினால்தான் அது வீடு, இல்லாவிட்டால் வெறும் கட்டடம். எனக்குக் கூடப்பிறந்தவள் நீ ஒருத்திதான். நீயோ, “நம்ம வீட்டுல அன்னைக்குக் கேக் வெட்டுனது எனக்குத்தான்னு ஒத்துக்க, அப்பறம் வாரேன்” என்று பிடிவாதமாக நிற்கிறாய். எல்லாம் சத்யா செய்த வேலை. “அப்பா, சின்ன வயசுல ஒங்களுக்குப் பர்த்டே கொண்டாடுனாங்களா?” என்று அவள் குரூப்பில் கேட்க, நான் கண்கலங்கி, எழுத்துப்பிழை இல்லாமல் ஒரு நினைவுக்குறிப்பு எழுதிப் போட்டேன். சொந்தக்காரர்கள் இதயம் இதயமாக அனுப்பினார்கள். நீ மட்டும் “டேய், அது என் பொறந்தநாளுடா” என்று போட்டாய். சத்யாவுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை வீட்டார்கூட இருக்கிற குரூப் அக்கா அது!

நீ மறந்திருப்பாய், எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. அப்பா கண்டக்டராக வந்த பஸ் நம் தெருமுனையில் நின்றதும், ஜன்னல் வழியாக ஓர் அட்டைப்பெட்டியை ஆத்தாவிடம் நீட்டி, “இந்தா, பத்திரம்” என்று மட்டும் சொல்லி விசிலடித்துப் போய்விட்டார். புதுக்கோட்டையிலிருந்து வந்த கூட்டத்தில் யாரோ அதன்மேல் முருங்கைக்காய்க் கட்டை வைத்திருந்ததால் கேக்கில் நடுவே வாய்க்கால் ஓடியது. நம் தெருவில் அதுவரை யாரும் கேக்கை நேரில் பார்த்ததில்லை. வீட்டில் கத்தி கிடையாது, ஆத்தா அரிவாள்மனையைக் கொண்டுவந்து போட்டது. அரிவாள்மனை கேக்கிடம் போகாது, கேக்தான் அரிவாள்மனையிடம் வரவேண்டும் என்பது அப்போதுதான் நமக்குப் புரிந்தது. நீ ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் கேக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, பாட்டுப் பாடணும் என்று கூடியிருந்த தெருப்பிள்ளைகளில் எவனோ சொல்ல, என்ன பாட்டு என்று யாருக்கும் தெரியாமல், எல்லோருக்கும் ஒன்றாகச் சொல்லத் தெரிந்தது ஏழாம் வாய்ப்பாடு ஒன்றுதான் என்பதால் அதையே ராகம் போட்டுச் சொன்னோம். கரண்டு போனால் ஏற்றுகிற தடி மெழுகுவர்த்தியைக் கேக்கில் நட்டு, நான் ஊதப் போகும்போது ஆத்தா பாய்ந்து என் வாயைப் பொத்தி, “வெளக்க வாயால ஊதி அணைக்கிறதா? வீடு வெளங்குமாடா?” என்று கத்தியது. யாரும் ஊதவில்லை. அது தானாக எரிந்து முடியும்வரை எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். உருகிய மெழுகெல்லாம் கேக்கில்தான் இறங்கியது. மெழுகு ஊறிய பக்கம்தான் நல்ல ருசி என்று நம் தெருக் கூட்டாளி யாக்கூப் இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்றான். ஊதப் போனது நான், வாய் பொத்தப்பட்டது என் வாய். அப்படியானால் பிறந்தநாள் யாருக்கு? நீயே சொல். சர்ட்டிபிகேட்டில் இருப்பது வாத்தியார் தோராயமாகப் போட்ட தேதி, அதைக் கொண்டுவந்து காட்டாதே.

கேட்டுக்கொள்ள அப்பாவும் இப்போது இல்லை, நான் சொன்னால் நீ நம்பமாட்டாய் என்று சாட்சி தேடிப் புறப்பட்டேன். முதலில் கடைவீதியில் செல்போன் கடை வைத்திருக்கும் யாக்கூபிடம் போனேன். “அந்தக் கேக்கு ஞாபகம் இருக்காடா?” என்றதும் அவன் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. “மறக்குமா எழிலு? எனக்கு வாழ்க்கையில கொண்டாடுன ஒரே பொறந்தநாளு அதுதானே!” என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஒனக்கா?” என்றேன். “ஆமாப்பா. ஒங்க ஆத்தா என்னய அடுப்படிக்குக் கூப்புட்டுக் காதுக்குள்ள சொன்னாங்க, இன்னைக்கு ஒனக்குத்தான் பொறந்தநாளு, வெளிய சொல்லாத, கண்ணு பட்டுரும்னு. இம்புட்டு வருசமா நான் தஸ்லீமாகிட்டகூடச் சொல்லல” என்று சொல்லிவிட்டு, உள்ளேயிருந்து பெண்டாட்டி தஸ்லீமாவைக் கூப்பிட்டு அப்போதே சொல்லிவிட்டான். அந்தப் பிள்ளை மகிழ்ந்துபோய் எனக்குப் பாயசம் கொடுத்தது. அதைக் குடித்துக்கொண்டே எப்படி அக்கா சண்டை போடுவது?

இவன் சரிப்படமாட்டான் என்று, அன்று நம்மோடு கேக் தின்ற இன்னொரு கூட்டாளி வெள்ளைச்சாமியைத் தேடிக் கந்தர்வக்கோட்டைக்கு வண்டியை விட்டேன். வழியில் பஞ்சர். வண்டியைத் தள்ளிக்கொண்டு அவனுடைய முந்திரிக்காட்டுக்குள் போனால், மரத்தடியில் நின்ற என்மேல் முசுறு எறும்பு கொட்டிற்று. நான் சட்டையைக் கழற்றி உதறிக் குதித்துக்கொண்டிருக்கையில் அவன் சாவகாசமாக வந்து, “என்னடா, என் பொறந்தநாளு கேக்கத் தின்ன பயதானே நீ?” என்கிறான்! அவன் காதிலும் ஆத்தா சொன்னதாம். அவனையும் வெளியே சொல்லக் கூடாது என்றதாம். சொல்லப்போனால் என் காதிலும் ஆத்தா அப்படித்தான் சொன்னது. உன் காதிலும் சொல்லியிருக்கும். ஆனால் அக்கா, என் காதில் சொன்னதுதான் உண்மை. மற்றவர்களுக்கு ஆத்தா சும்மா ஆறுதலுக்குச் சொல்லியிருக்கும்.

பேசாமல் ஆத்தாவையே கேட்டுவிடலாமே என்று பிரகதீஸ்வரி சொன்னாள். கேட்டேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, “எனக்கு ரெண்டு வீட்டுலயும் சோறு வேணும். என்னய இழுக்காத, அங்கிட்டுப் போ” என்று முடித்துக்கொண்டது.

ஆகவே, சகல சாட்சிகளும் கலைந்துபோன நிலையிலும், அது என் பிறந்தநாளே என்று உறுதியாகச் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு இருந்த ஒரே பிறந்தநாளை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதே சமயம் நீ வராமல் பால் காய்ச்சவும் மனசு வரவில்லை. வந்துவிடு. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு மாமனின் முத்தம். நீ நல்லாயிருக்க வேண்டும், கொஞ்சம் நியாயமாகவும் இருக்க வேண்டும்.

உன் உடன்பிறப்பு,
எழிலரசன்.

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் ஆத்தா வந்து, என்ன எழுதினாய் என்று படித்துக்காட்டச் சொன்னது. படித்தேன். யாக்கூப் வரும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. “ஏன்டா கெடந்து அடிச்சுக்கிறீக? அது ஒங்க ஒருத்தருக்கும் இல்லடா. எனக்கு ஒங்கப்பா வாங்கியாந்தது” என்றது. நான் கடிதத்தைக் கீழே வைத்தேன். “என் பொறந்த தேதி எனக்கே தெரியாது, அவருக்கு எங்கிட்டுத் தெரியும்? அவரா ஒரு நாள வச்சுக்கிட்டாரு. ரெண்டு புள்ள பெத்தவளுக்குப் பொறந்தநாளான்னு ஊரு சிரிக்காதா? நீங்க வேற யாருக்கு, யாருக்குன்னு உசுர வாங்குனீக. அதான் ஆளாளுக்கு ஒனக்குத்தான்னு காதுல சொல்லி வச்சேன்.” நீ எந்தத் துண்டு தின்றாய் ஆத்தா என்று கேட்டேன். “நான் எங்கடா தின்னேன்? நீங்கதான் பெட்டிய வழிச்சு நக்கிட்டீகளே” என்றது.

அக்கா, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். என் பிறந்தநாளை நான் விட்டுவிட்டேன், உன்னுடையதை நீயும் விடு. பால் காய்ச்சும் அன்றைக்கே ஆத்தாவுக்குக் கேக் சொல்லியிருக்கிறேன். முதல் துண்டை ஊட்டுவது நீயா நானா என்பதை நேரில் வந்து சண்டை போட்டுக்கொள்ளலாம்.