தீயணைப்பு வீரரின் முழங்கால்

பொம்மைக் கம்பெனிக்கு அன்று காலை ஒரு கடிதம் வந்தது. எழுதியது ஆறு வயசுப் பிள்ளை. "உங்க தீயணைப்பு வீரர் ஏணியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு கீழயே நிக்கிறார். மாடியில இருந்த எல்லாரும் எரிஞ்சு போயிட்டாங்க."

ஆபீஸே சிரித்தது. வரைபடக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வீரரை வரைந்தவர் அவர்தான்.

வீரர் மூன்று அங்குல உயரம். கழுத்தில் ஒரு மூட்டு, தோளில் இரண்டு, இடுப்புக்குக் கீழே கால் சேருமிடத்தில் இரண்டு. ஆக மொத்தம் ஐந்து. முழங்கால் மடங்காது. பதினோரு வருஷமாக ஒரே பெட்டிக்குள் அவரையும் ஏணியையும் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தது கம்பெனி. ஏணி இலவசம். அவர் ஏறுவாரா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

வரைபடக்காரர் அன்றைக்கே சபதம் எடுத்துக்கொண்டார். முழங்கால், முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் ஜோடி ஜோடியாக. நடுவில் இடுப்பு ஒன்று. பழையதும் புதியதும் சேர்த்துப் பதினாலு மூட்டு. சாப்பிடாமல் வரைந்தார். மேலே கொட்டை எழுத்தில் தலைப்பும் போட்டார்: "முழங்கால் மடங்கினால் விற்பனை இரு மடங்கு!"

மேனேஜர் வரைபடத்தைப் பார்த்தார். தலைப்பைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"சின்னப் பொம்மைக்கு எதுக்குங்க முழங்கால்?"

"ஏற, சார்."

"ஏறினா விழும். விழுந்தா உடையும். சும்மா நிக்கிற பொம்மைக்கு என்ன கேடு?"

"மாடியில ஆள் எரியுது, சார்."

"அது அட்டை வீடு. திங்கக்கிழமை வரைக்கும் டைம் தரேன். மூட்டு இல்லாததால என்ன குறைஞ்சுபோச்சுன்னு ஆதாரத்தோட காட்டுங்க. இல்லாட்டி அடுத்த லட்சம் பொம்மையும் விறைச்சுக்கிட்டேதான் நிக்கும்."

வரைபடக்காரர் வீடு வந்து சேர்ந்தார். செருப்பு ஒரு பக்கம் போயிற்று, துண்டு ஒரு பக்கம் போயிற்று.

அவருடைய மனைவிக்குக் கதவுக் கீல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. சோதனைப் பிரிவு. ஒரு கீலை நாற்பதாயிரம் தடவை திறந்து மூடி, எத்தனையாவது தடவை அது முனகுகிறது என்று குறித்துவைப்பார். கணவரை அத்தனை தடவை திறந்து பார்க்க வேண்டியிருந்ததில்லை.

"என்னங்க, தலை தொங்கிப்போச்சு?"

"கழுத்துல மூட்டு இருக்குல்ல? தொங்கும். அதைத் தவிர வேற மூட்டே வேண்டாங்கிறார் அந்த மனுஷன்."

"யாருக்கு?"

"மூணு அங்குல ஆளுக்கு."

"சரியாத்தானே சொல்றார். இந்த வீட்டுல அஞ்சே முக்கால் அடி ஆளுக்குப் பதினாலு மூட்டும் இருக்கு. கீழ கிடக்கிற துண்டை எடுக்க ஒண்ணாவது மடங்குச்சா?"

"இதான் உன்கிட்ட. நான் மூட்டைப் பத்திப் பேசினா நீ சண்டையை மூட்டுவே."

அம்மணி வரைபடத்தை வாங்கி நிதானமாகப் பார்த்தார். ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்து எண்ணினார்.

"நல்லாத்தாங்க இருக்கு" என்றார்.

வரைபடக்காரருக்குக் காது கேட்டதா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

"ஆதாரம்தானே கேக்கிறார்? சோதனை வைங்க. ஒரே ஆள். முதல்ல அஞ்சு மூட்டோட வேலை செய்யணும். அப்புறம் அதே வேலையைப் பதினாலு மூட்டோட செய்யணும். ரெண்டுக்கும் நேரம் குறிச்சா முடிஞ்சது கதை."

"ஆளுக்கு எங்க போறது?"

"ஆளுக்கு என்ன பஞ்சம்? நீங்க இருக்கீங்களே. நான் குறிச்சுக்கிறேன். அறிக்கை எழுதி, சாட்சிக் கையெழுத்தும் நானே போடறேன்."

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் மனைவி தன் கட்சிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அவர் துண்டைத் தேடினார். அது தரையில் இருந்ததால் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை சோதனை தொடங்கியது. இரண்டு முழங்காலிலும் இரண்டு முழங்கையிலும் மர அளவுகோலை வைத்துப் பழைய போர்வைத் துணியால் இறுக்கிக் கட்டினார் அம்மணி. கணுக்கால், மணிக்கட்டு, இடுப்பு எல்லாவற்றுக்கும் அட்டை வைத்துக் கட்டு.

"குனிஞ்சு காட்டவா?"

"வெறுங்காத்துல குனிஞ்சா அதுக்குப் பேரு உடற்பயிற்சி. சோதனைன்னா சுமை வேணும். கதவை மாட்டாம யாராவது கீலைச் சோதிப்பாங்களா?"

தொழில் தெரிந்த பேச்சு. அவர் ஒப்புக்கொண்டார். அம்மணி பட்டியலைப் படித்தார். "இடுப்புக்கு, தரை பெருக்குறது. மணிக்கட்டுக்கு, பாத்திரம் தேய்க்கிறது. கணுக்காலுக்கு, எக்கி நின்னு பரண்ல இருக்கிற பெட்டியை இறக்குறது. முழங்காலுக்கு, குளியலறைத் தரை. எல்லா மூட்டுக்கும் சேர்த்து, கட்டிலுக்கு அடியில துடைக்கிறது."

முதல் சுற்று பெருக்குவது. துடைப்பம் தரையைத் தொட்டது. அடுத்த கணம் வரைபடக்காரரும் தொட்டார். வெட்டின மரம் மாதிரி, எந்த இடத்திலும் மடியாமல், ஒரே நீளமாக விழுந்தார்.

"விழுந்துட்டேன்! எழுதிக்கோ!"

"எழுதியாச்சு. பத்து மணி இருபத்திரண்டு நிமிஷம்."

"எழுந்திருக்கவும் முடியலைன்னு எழுது! அடிக்கோடு போடு!"

"ரெண்டு கோடு போட்டிருக்கேன்."

வாசலில் மணி அடித்தது. கடன் வாங்கிப்போன ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிக் கொடுக்க மாடிவீட்டுக்காரர் வந்திருந்தார். தரையில் மரமும் துணியுமாகக் கிடந்த உருவத்தை எட்டிப் பார்த்தார்.

"ஐயையோ, சாருக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்லை. ஆபீஸ் வேலை" என்றார் அம்மணி.

"சனிக்கிழமையுமா?" மாடிவீட்டுக்காரர் உச்சுக்கொட்டினார். "நம்மளை உறிஞ்சிடறானுங்க, சார்."

"வெற்றி நமக்குத்தான்" என்றார் வரைபடக்காரர் தரையிலிருந்து.

மற்ற வேலைகளும் அதே கதிதான். பாத்திரம் கைக்கு எட்டியது, தேய்க்க மணிக்கட்டு சுழலவில்லை. பரண் பக்கமே போக முடியவில்லை. கட்டிலுக்கு அடியில் காலில் பாதி மட்டும் நுழைந்தது. தோற்கத் தோற்க அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

கட்டெல்லாம் அவிழ்த்தாயிற்று. இரண்டாவது சுற்று. எந்தக் கணவனும் அப்படி வேலை செய்து அந்தத் தெரு பார்த்ததில்லை. இடுப்பு வளைந்தது, கூடம் பளிச்சென்றது. மணிக்கட்டு சுழன்றது, பாத்திரத்தில் முகம் தெரிந்தது. ஆறு வருஷமாகப் பரணில் இருந்த பெட்டி இறங்கி, தூசி தட்டப்பட்டு, மறுபடி ஏறியது.

"பார்த்தியா மூட்டோட மகிமையை?" என்றார், குளியலறையில் மண்டியிட்டபடி.

"பார்க்கிறேன். ஆனா அந்த மூலை சரியாப் பதிவாகலைங்க."

அந்த மூலையை மறுபடி தேய்த்தார்.

"இடது முழங்கால் கொஞ்சம் மெதுவா மடங்குது."

"இல்லவே இல்லை!" என்று இன்னும் இரண்டு மூலையைத் தேய்த்துக் காட்டினார்.

கட்டிலுக்கு அடியில் முழுசாக நுழைந்து மறுபக்கம் வந்தபோது மணி இரண்டு. கையில் அழுக்குத் துணியும், எப்போதோ தொலைந்துபோன ஒரு கால் சாக்ஸும் இருந்தன. அம்மணி அறிக்கையை நீட்டினார். ஒன்பது பக்கம். முதல் பக்கத்தில் "மூட்டுகள் அவசியம் என்று ஐயமின்றி நிரூபணமாயிற்று" என்று இருந்தது. அதற்கு மேல் படிக்க அவர் கண்ணில் தெம்பில்லை. கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை மேனேஜர் ஒன்பது பக்கத்தையும் படித்தார். எழுந்து வந்து கை குலுக்கினார்.

"பிரமாதம்! பதினாலு மூட்டுக்கும் அனுமதி. வீரர் ஏறட்டும்."

வரைபடக்காரருக்குத் தரையில் கால் பாவவில்லை.

"அதுலயும் அந்தக் கடைசிப் பக்கம் இருக்கே, அதுதான் என் மனசை மாத்திச்சு."

"கடைசிப் பக்கமா, சார்?"

மேனேஜர் வாசித்தார். "'மூட்டு ஒரு நாள் மடங்கியது என்பதால் ஒரு வருஷம் மடங்கும் என்று ஆகாது. தேய்மானம் தெரியவேண்டுமானால் அதே ஆள், அதே வேலையை, வாரம் ஒரு முறை, ஒரு வருஷத்துக்குச் செய்ய வேண்டும்.' என்ன ஒரு பொறுப்பு! வாராவாரம் சாட்சிக் கையெழுத்தோட அறிக்கை என் மேஜைக்கு வந்துடணும். ஒரு வாரம் தவறினாலும் முழங்காலை எடுத்துடுவேன்."

"யாரோடதை, சார்?"

"பொம்மையோடதை."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். பளபளக்கும் கூடத்தில் அம்மணி காலை நீட்டி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைசிப் பக்கத்தை நீ எப்போ எழுதினே?"

அம்மணி ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க கட்டிலுக்கு அடியில இருந்தப்போ."